ஒரு சென்ட்டும் ஒன்பது சென்டிமீட்டரும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏமாந்தது நான்தான். போன இலையுதிர்காலத்தில், இணையத்தில் பார்த்த பழைய காபி மெஷினுக்காக ஒரே ஒரு சென்ட் அனுப்பப் போய், எண்ணூறு யூரோ அம்போ. வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண்டாட்டியிடம்கூட "யாரோ முந்திக்கிட்டாங்க" என்று மழுப்பிவிட்டேன். அந்த வயிற்றெரிச்சலை ஆற்றிக்கொள்ளத்தான் இந்தக் கதை. என்னையே நாயகனாகப் போட்டால் பார்க்கச் சகிக்காது. ஆகவே நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் ஃப்ரீஸ்லாந்துக் கிராமத்துக்கு ஹிங்கெ என்று ஒரு பெண்மணியை வரவழைத்தேன்.

2

ஹிங்கெ மோசம்போன நாள் அது, வெளியே

[வேண்டாம். என்னை உதைப்பாள்.]

இணையத்தில் பழைய பொருள் வாங்குவோர் கவனிக்க வேண்டிய

[சே! வங்கி அனுப்பும் கடுதாசி மாதிரி இருக்கிறது.]

அறுபத்தேழு வயது ஹிங்கெ, காலை எட்டு மணிக்குக் கால்வாயின் மேல் குப்புறப் படுத்திருந்தாள்.

[இது இருக்கட்டும்.]

கிராமத்துச் சறுக்குச் சங்கத்துக்கு, உறைந்த பனி ஆள் தாங்குமா என்று பார்த்துச் சொல்பவள் அவள்தான். அவள் சரி என்றால்தான், சறுக்கலாம் என்று கொடி ஏறும். ஆறு குளிர்காலம் கால்வாய் உறையவே இல்லை. "இனிமே எங்க உறையப்போகுது" என்று மூன்று வருடம் முன்பு தன் சறுக்குக் காலணியைத் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிட்டாள். இந்த வாரம் பார்த்து நான்கு ராத்திரி விடாமல் குளிர் அடித்தது.

"நாய் ஓடிச்சு ஹிங்கெ! தாங்குது!" என்று கரையிலிருந்து கத்தினான் அவள் புருஷன் ரின்ஸெ.

"நாய் எத்தனை கிலோ, நீ எத்தனை கிலோ? சும்மா கெட."

கைத்துளைப்பானைத் திருகினாள். ஒரு துளை, பத்தடி தள்ளி ஒன்று, பாலத்தடியில் ஒன்று. அளவுகோலை விட்டாள். மூன்றிலும் ஒன்பது சென்டிமீட்டர் தடிமன், ஆள் தாங்கும். கொடி ஏறியது. ஊரே கைதட்டியது. ஆனால் நாளை சாயங்காலம் மழை என்றது வானிலை அறிக்கை. அடுத்த பனி எப்போதோ, அதற்குள் தன் முழங்கால் எப்படியிருக்குமோ என்று அவள் வாய்விட்டே சொன்னாள். காலில் மாட்ட ஒரு ஜோடி இல்லை. கடைகளிலோ எல்லாம் காலி.

3

சமையலறை. ஹிங்கெயின் போனில் ஒரு விளம்பரம்: ஸ்கேட் காலணி, அளவு நாற்பத்தொன்று, இரண்டே தடவை போட்டது, அறுபது யூரோ. விற்பவள் பெயர் மார்லூஸ். ஹிங்கெ கேட்டதும் பதில் வந்தது.

"பத்துப் பேர் கேக்குறாங்க. நீங்க நிஜமான ஆளான்னு தெரியணும். இந்த லிங்க்ல ஒரு சென்ட் அனுப்புங்க, உடனே பார்சல் போட்டுடறேன், நாளைக் காலையில கையில இருக்கும்."

"ஒரு சென்ட்தானே, தட்டிவிடு," என்றான் ரின்ஸெ.

(வேறு ஊராக இருந்தால் "ஒரு சென்ட்டா? என்ன கூத்து இது?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே மூன்று பேர் காபி குடித்தால், வீடு போய்ச் சேருமுன் அவரவர் பங்குப் பணத்தைக் கேட்டு லிங்க் வந்துவிடும். எதிர்வீட்டம்மா ஒரு முட்டைக்கு நாற்பது சென்ட் கேட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நானும் தட்டினேன். அச்சு அசலாக என் வங்கி மாதிரியே ஒரு பக்கம் திறந்தது. ரகசிய எண்ணைப் போட்டேன். மீதி உங்களுக்குத் தெரியும்.)

ஹிங்கெயின் விரல் லிங்க்குக்கு மேலே நின்றது. இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். 

திரும்பி வந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலையில நாய் ஓடிச்சுன்னியே, நம்பிக் கொடி ஏத்தினேனா?"

"இல்ல."

"இதுக்கு மட்டும் ஏன் நம்பணும்?"

அவளே தட்டெழுதினாள்: "லிங்க் வேணாம். நேர்ல வந்து பார்த்துட்டு, கையில காசு தர்றேன்."

"நான் மிடில்பர்க்ல இருக்கேனே. உங்களுக்கு நாலு மணி நேரம்."

"ரயில் ஓடுது."

"வீட்ல இருக்க மாட்டேன்."

"பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போ. அதுக்கு முன்னாடி ஸ்கேட் மேல ஒரு மரக்கரண்டி வச்சு போட்டோ எடுத்து அனுப்பு."

ரின்ஸெ வாயைப் பிளந்தான். "கரண்டி எதுக்கு?"

"எங்கேயோ சுட்ட படத்துல கரண்டி இருக்காது. கரண்டி வந்தா ரயில் ஏறுறேன். வரலைன்னா இல்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கரண்டி எனக்குத் தோன்றியதல்ல. நான் உண்டாக்கிய ஒருத்தி, எனக்குத் தெரியாத ஒன்றை என் மேஜையிலேயே உட்கார்ந்து சொல்கிறாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

4

முடிவு, அ: மார்லூஸ் மாயமாகிவிடுகிறாள். விளம்பரமும் போய்விடுகிறது. ஹிங்கெயின் பணம் பிழைத்தது. [பள்ளிக்கூடப் பாடம்.]

முடிவு, ஆ: மார்லூஸ் நல்லவள். முன்பு யாரிடமோ ஏமாந்த பயத்தில் அவளும் ஒரு சென்ட் கேட்டாள். [எனக்கு இதுதான் ஆசை. ஆசைப்பட்டுத்தானே எண்ணூறு போனது.]

முடிவு, இ: ஹிங்கெ

5

பதில் வரவில்லை. ஹிங்கெ சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இங்கே குழந்தைகள் சறுக்கக் கற்பதே நாற்காலியைத் தள்ளித்தான்.

"நீ உக்காரு, நான் தள்றேன்," என்றான் ரின்ஸெ.

"எனக்குக் கால் இருக்கு, போ."

சாதாரண பூட்ஸோடு இறங்கித் தள்ளினாள். பனி கண்ணாடியாகக் கிடந்தது. அடியில் பாசி நிமிர்ந்து நின்றது, ஒரு மீன் அசையாமல் தொங்கியது. திடீரென்று கால்வாயின் அந்தக் கோடியிலிருந்து ஒரு முழக்கம் கிளம்பி, அவள் காலுக்கடியில் ஓடி, பாலத்தைத் தாண்டிப் போயிற்று. பனி தடிக்கும்போது வரும் சத்தம்தான், அவளுக்குத் தெரியாததில்லை. "அம்மாடியோ!" என்று நின்றுவிட்டாள். அவள் கண் நிறைந்தது. எழுதிக்கொண்டிருந்த எனக்கும்.

அவள் கோட்டுப் பையில் போன் அதிர்கிறது.

நான் திறக்க மாட்டேன். ஒருமுறை சுட்டுக்கொண்ட விரல் இது. ரின்ஸெ தன் ஸ்கேட்டில் வெகுதூரம் சறுக்கிப் போய்விட்டான். இங்கே இருப்பது நீங்கள்தான். ஹிங்கெ கையுறையைக் கழற்றி, போனை உங்களிடம் நீட்டுகிறாள்.

"மூக்குக்கண்ணாடியை வீட்லயே வச்சிட்டேன்," என்கிறாள். "எதையும் தட்டிடாதீங்க. கரண்டி இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."