இடப்பக்கமும் வலப்பக்கமும்

நேஷா ஆறு ஆண்டுகளாக, ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் வனவிலங்கு ஆய்வாளராகப் பணியாற்றி வந்தாள். கொச்சேவ்யே காட்டுக்கு நிரந்தர ஆய்வாளர் ஒருவரை அமர்த்த அவ்வாண்டுதான் முடிவாயிற்று. நேர்காணல் வியாழக்கிழமை. அவள் நம்பியிருந்தது தன் அறிக்கை ஒன்றை: அக்காட்டு மலைச்சரிவில் முழுவளர்ச்சியடைந்த லின்க்ஸ் எனும் பெரிய காட்டுப்பூனைகள் ஒன்பது.

லின்க்ஸின் உடற்புள்ளிகள் நம் கைரேகையை ஒத்தவை. ஒன்றுக்குள்ளது மற்றொன்றுக்கு இராது. ஒரே பூனைக்கும் இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. ஆகையால் ஒவ்வோரிடத்திலும் எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்டுவார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது உள்ளூர் வேட்டைக் குழுவினரின் பொறுப்பு.

செவ்வாயன்று மெமரி கார்டுகளை வாங்க அவள் வேட்டைக் குடிலுக்குச் சென்றாள். குழுத்தலைவர் லோவ்ரோ புளித்த முட்டைக்கோசு சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா! நிரந்தரம் ஆயிட்டா எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சிருப்பீங்களா?"

"முதல்ல சூப்பு. அப்புறம் ஞாபகம்."

மடிக்கணினியில் படங்கள் விரிந்தன. ஒரு பீச் மரத்தடியில் ஒரே நொடியில் எடுக்கப்பட்ட இரு படங்கள். இடப்பக்கம், அவள் நான்காம் எண்ணிட்ட பூனையினுடையது. வலப்பக்கம், ஒன்பதாம் எண்ணினுடையது. நின்றதோ ஒரே பூனை.

"லோவ்ரோ, இங்க ஒரு கேமரா ரிப்பேருன்னு சொன்னீங்களே?"

அவர் கரண்டியைப் பார்த்தார். "ரிப்பேர்னு சொன்னேன்தான். மான் நக்க உப்புக்கட்டி வெக்கிற இடத்துல கட்டியிருந்தேன். பதினாலு கிளைக் கொம்பு மான் ஒண்ணு வருதுன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் மட்டும் பாக்கல."

"எத்தன நாள்?"

"ரெண்டு வருஷம். போன மாசம்தான் திருப்பிக் கட்டினேன்."

"மான் வந்துச்சா?"

"பன்னண்டு கிளைதான்."

மீதமிருந்த ஒற்றைக் கேமராவின் முன், சரிவில் ஏறும்போது இடப்பக்கத்தையும் இறங்கும்போது வலப்பக்கத்தையும் அப்பூனை காட்டியிருந்தது. அத்தகைய இடத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே எண்ணவேண்டும் என்பது நேஷாவுக்குத் தெரியாததன்று. ஆண்டிறுதி அவசரத்தில் இரண்டையும் தனித்தனிப் பூனைகளாக எண்ணிவிட்டாள். கேமராவை எடுத்தவர் அவராயினும், எண்ணியவள் அவளே.

"யாருக்குத் தெரியப்போவுது? பூனையா வந்து புகார் குடுக்கும்?" என்றார் லோவ்ரோ.

"அடுத்த வருஷம் வேற ஒருத்தர் எண்ணுவாரு. எட்டுன்னு வரும். ஒண்ண உங்க ஆளுங்கதான் சுட்டாங்கன்னு பேச்சு வரும்."

லோவ்ரோ கரண்டியைக் கீழே வைத்தார்.

வியாழனன்று நேர்காணலில் நேஷா, பூனைகள் ஒன்பதல்ல எட்டு என்ற திருத்தத்திலேயே தன் பேச்சைத் தொடங்கினாள். நேர்காணல் குழுவின் தலைவி கோஷிர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது மாதிரி ஒத்தக் கேமரா வேற எத்தன இடத்துல?"

"மூணு இடத்துலங்க."

"அப்போ எட்டும் நிச்சயமில்ல."

"இல்லைங்க. அஞ்சாகவும் இருக்கலாம்."

"இத போன வருஷமே பாத்திருக்கணும்மா."

"ஆமாங்க."

நிரந்தரப் பணி தலைநகர் லியுப்லியானாவிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. நேஷாவுக்கு வந்தது ஏழாவது ஓராண்டு ஒப்பந்தம். ஒற்றைக் கேமரா இருந்த இடங்களையெல்லாம் மீண்டும் எண்ணித் தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கடிதத்தை இருமுறை படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் இரும்புச்சாமான் கடைக்குப் போனாள்.

மறுவாரம் பீச் மரத்திலும் அதன் எதிர்மரத்திலும் கேமராக்களை இரும்புச் சங்கிலியால் கட்டிப் பூட்டினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த லோவ்ரோவின் முகம் வாடியது.

"பூட்டா? எம்மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"உங்க மேல இருக்கு. பதினாலு கிளை மான் மேலதான் இல்ல," என்று சொல்லி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.