கரி ரூமில் எதை வைப்பது

வில்ஃப் ஹோல்டனுக்கு நடுக்குவாதம் வந்து ஆறாவது வருடம் மாடிப்படி அவருக்கு எட்டாமல் போனது. வட இங்கிலாந்தின் பர்ன்லியில் அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பின்னால் ஒட்டவைத்தாற்போல ஒரு சமையலறை. கழிப்பறை மாடியில். படியில் ஓடும் நாற்காலி பொருத்த முடியுமா என்று பார்க்க வந்தவன், படி குறுகல், மேலே திருப்பம் வேறு இருக்கிறது, ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனான். அதனால் வில்ஃபின் கட்டில் தெருவைப் பார்த்த முன்னறைக்கு இறங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில், இருக்கையில் ஓட்டை போட்டு அடியில் வாளி வைத்த ஒரு நாற்காலியும் வந்து சேர்ந்தது.

முப்பத்தோரு வருடம் அந்த ஊரில் பஸ் ஓட்டியவர் அவர். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக் கையசைக்காமல் யாரும் தெருவைத் தாண்ட மாட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார வேண்டி வரும்போதெல்லாம் மனைவி டோரீன் ஓடிவந்து திரையை இழுத்து மூடுவாள். பட்டப்பகலில் திரை மூடினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரு முழுக்கத் தெரியும்.

"ராஜாகூட இப்படி நடு வீட்டுல சிம்மாசனம் போட்டு உக்காந்திருக்க மாட்டான்" என்று வில்ஃப் முதலில் கேலி பேசினார். பிறகு கேலியும் நின்றது. ஒருநாள் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகும்போது சொன்னார்: "எனக்கு ஒரு கதவு வேணும் டோரீன். நானே போகணும், நானே சாத்திக்கணும், நானே வெளிய வரணும். வேற ஒண்ணும் கேக்கல."

டோரீனுக்கும் ஒரு ஆசை இருந்தது. ஆனால் அதை அவளால் அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. வில்ஃபுக்கு மூத்திரம் அடங்குவதில்லை. தினம் மூன்று படுக்கை விரிப்பு, இரண்டு கால்சட்டை, போர்வை. துவைக்கும் மெஷின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது. உருளைக்கிழங்கு சீவும் இடத்துக்குக் கீழேயே நனைந்த விரிப்புகள் முறை காத்துக் கிடக்கும். காயப்போட இடமில்லை. வெளியே மழை விட்டால்தானே! ஹீட்டர்கள் மேலும் கதவுகள் மேலும் நாற்காலி முதுகிலும் ஈரத்துணி தொங்கியது. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை பூத்தது. அவளுக்கு எழுபத்தொன்று. விரல் மூட்டுகள் வீங்கி, பிழியும்போது கண்ணில் நீர் முட்டும். எந்த அலமாரியைத் திறந்தாலும் அந்த வாடை. தன் தலைமுடியிலும் அது இருப்பதாக அவளுக்குத் தோன்றும். மருந்துக் கடைக்குப் போனால் வரிசையில் மற்றவர்களைவிட்டு ஓரடி தள்ளியே நிற்பாள்.

சமையலறைக்குப் பின்னால் அந்தக் காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. ஆறடி நீளம், நாலடி அகலம். அதை இடித்து வீட்டோடு சேர்க்கலாம் என்று மகன் கிரெய்க்தான் சொன்னான். ஹல் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன் அவன். கட்டட வேலை செய்யும் டெஸ் என்பவரை அவனே கூட்டிவந்தான்.

"அம்மாவுக்கு மெஷின், அப்பாவுக்கு டாய்லெட், ரெண்டையும் இதுக்குள்ள அடக்க முடியாதா?" என்று கேட்டான்.

டெஸ் அளவுநாடாவைச் சுருட்டினார். "வெக்கலாம். ஆனா அவர் பிடிச்சு நடக்கற வாக்கர் உள்ள திரும்பாது. மனுஷன் உள்ள போவாரு, வெளிய வரமாட்டாரு. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"அப்பாவுக்கு டாய்லெட்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு? சரிதானேம்மா?"

"சரிதான்" என்றாள் டோரீன்.

முன்னறையிலிருந்து வில்ஃபின் குரல் வந்தது: "திறப்பு விழாவுக்கு மேயரக் கூப்பிடுங்கடா! ரிப்பன வெட்டிட்டு முதல் ஆளா அவரே போகட்டும்!" ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

வேலை தொடங்க ஆறு நாள் இருந்தபோது வில்ஃப் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாவது வாரம், நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் டோரீனைத் தாழ்வாரத்தில் நிறுத்திப் பேசினாள். "உங்ககிட்ட மறைக்கறதுல அர்த்தமில்ல. இனிமே அவர் நடக்கறது கஷ்டம். வீட்டுக்கு வந்தா, ஆளைத் தூக்கி மாத்தற கருவி ஒண்ணு வேணும். படுக்கைதான்னு மனச தயார் பண்ணிக்கோங்க."

டோரீன் பஸ்ஸில் வீடு திரும்பினாள். டெஸ் கரி ரூமின் சுவரை இடித்துவிட்டு, தரையில் குழாய் இறக்கச் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தார். "நாளைக்குக் கழிவுக் குழாய் போடறேன். டாய்லெட் பீங்கான் வியாழக்கிழமை வந்துரும்" என்றார்.

அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நடக்காத மனுஷனுக்குக் கதவு எதற்கு? அந்தக் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் அடியில் வேறொன்று இருந்ததும் அவளுக்குத் தெரியும். அந்தத் தாழ்வாரத்தில் அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே, துணி உலர்த்தும் மெஷின் ஒன்று வெதுவெதுப்பாகச் சுழல்வதை அவள் மனசு பார்த்துவிட்டது. அதைப் பார்த்ததும் நெஞ்சு லேசானது. அதை நினைத்தால்தான் அவளுக்குக் கூசியது.

"டெஸ், பீங்கான் வேணாம். மெஷின் ரூமே போட்டுருங்க."

டெஸ் அவளை ஒரு கணம் பார்த்தார். "கிரெய்க்குக்குத் தெரியுமா?"

"என் வீடு" என்றாள்.

கிரெய்க்கிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் போனில் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"சொல்றேன்."

சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பார்வை நேரத்தில் போய் உட்காருவாள். வில்ஃப் ஆர்வமாகக் கேட்பார்: "கதவு உள்பக்கம் திறக்குதா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம்."

"அதுதான் நல்லது. விழுந்தாலும் ஆள் வந்து இழுத்துரலாம். கைப்பிடி?"

"இருக்கு வில்ஃப். நீ சூப்பக் குடி."

அவள் போனபின் அவர் என்ன செய்தார் என்பது அவளுக்குத் தெரியாது. நர்சுகளைக் கெஞ்சியும் திட்டியும் வாக்கரை வாங்கி, கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்திருக்கிறார். பிறகு பக்கத்துக் கட்டில் வரை. பிறகு வார்டின் கோடி வரை. நவம்பர் கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தபோது, "நிறுத்துப்பா, நான் இங்கயே இறங்கிக்கறேன். கடைசி ஸ்டாப்" என்றார்.

டோரீன் பதறினாள். "வேணாம், விழுந்துருவே."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணு காட்டறேன்."

எழுந்தார். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றது, நடுங்கியது, பிறகு நகர்ந்தது. முன்னறை, நடு அறை, சமையலறை. நெற்றி வேர்த்து வழிந்தது. ஆம்புலன்ஸ்காரர்களில் ஒருவன் கைதட்டினான். டோரீன் பின்னால் நடந்தாளே தவிர, முன்னால் போய் மறிக்கக் கால் எழவில்லை. வில்ஃப் கரி ரூமின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் உலர்த்தும் மெஷின். பக்கத்து அலமாரியில் வெள்ளை விரிப்புகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. சோப்பு மணம் வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார். "இது என்ன டோரீன்?"

"வில்ஃப்... அவங்க சொன்னாங்க, நீ இனிமே..."

"யாரு பண்ணது இத?"

அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. "கிரெய்க்" என்றாள். "கிரெய்க்தான் சொன்னான், இதுதான் உபயோகம்னு."

அந்தப் பெயர் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது. வில்ஃப் தலையை மெல்ல ஆட்டினார். "நல்ல வேலை. சுத்தமா இருக்கு" என்றார். பிறகு ஆம்புலன்ஸ்காரனிடம், "அந்த வண்டிய இப்பிடித் தள்ளுப்பா" என்றார்.

அதன்பிறகு அவர் நடக்கவில்லை. நடக்கச் சொன்னால், "எங்க போறதுக்கு?" என்பார். டோரீன் டெஸ்ஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கழிப்பறையே கட்டச் சொன்னாள். கிறிஸ்துமஸ் தாண்டாமல் தன்னால் வர முடியாது என்றார் அவர். அதை வந்து சொன்னபோது வில்ஃப் தெருவைப் பார்த்தபடியே, "விடு. மறுபடி எதுக்கு இடிச்சுக்கிட்டு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிரெய்க் போன் செய்வான். டோரீன் போனை நீட்டினால் வில்ஃப் கையைத் தூக்க மாட்டார். "நான் சிம்மாசனத்துல உக்காந்திருக்கேன்னு சொல்லு அவன்கிட்ட."

"அப்பாவுக்கு என் மேல என்ன கோபம்மா?" என்று கிரெய்க் கேட்டான்.

"மருந்து அப்படிப் பண்ணுது. மனசுல வெச்சுக்காதே."

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். காலையில் அவரைத் துடைத்து உடை மாற்றும்போது வார்த்தை நுனிநாக்கு வரை வரும். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ ஒருத்தி இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்பார். வார்த்தை உள்ளே இறங்கிவிடும். கிறிஸ்துமஸுக்குக் கிரெய்க் வந்தான். தகப்பன் முகம் கொடுத்துப் பேசாததால் மறுநாளே கிளம்பிப் போனான். அந்த இரண்டு நாளும் மெஷின் ஓயாமல் ஓடியது. விரிப்புகள் காய்ந்து, இதமாக, மணமாக வந்தன. டோரீனின் விரல் வீக்கம்கூடக் கொஞ்சம் தணிந்திருந்தது.

ஜனவரியில் வில்ஃபுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கிரெய்க் வந்து, "நீ போய் ஏதாவது சாப்பிடும்மா, நான் இருக்கேன்" என்று அவளைக் கேண்டீனுக்கு அனுப்பினான். முக்கால் மணி கழித்துத் திரும்பியபோது வில்ஃப் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். கிரெய்க் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளில் வில்ஃப் போய்விட்டார். மகன் பெயரை அதற்குள் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அடக்கத்துக்குப் பழைய டிரைவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஹாம் சாண்ட்விச்சும் டீயும் சாப்பிட்டு, வில்ஃப் ஒருமுறை பனியில் பஸ்ஸை இறைச்சிக் கடை வாசலில் ஏற்றி நிறுத்திய கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்று மணி சுமாருக்கு வீடு காலியானது. கிரெய்க் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோப்பைகளைக் கழுவினான். டோரீன் துடைக்கும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கிரெய்க், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரூம்... நீதான் சொன்னேன்னு அப்பாகிட்ட நான்..."

"தெரியும்மா."

அவன் திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரில கேட்டாரு. ஏன்டா எனக்கு இப்படிப் பண்ணேன்னு. முதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் புரிஞ்சுது." ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "நான் என்ன சொல்லியிருக்கணும்? போற நேரத்துல, நான் இல்லப்பா, அம்மாதான்னு சொல்லவா? ஆமாப்பா, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார்."

டோரீன் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். "நான் சொல்லத்தான் இருந்தேன். தினமும் சொல்லணும்னுதான்..."

"எட்டு வாரம் இருந்துச்சும்மா."

"கத்தேன்டா. ரெண்டு வார்த்தை திட்டேன்."

"திட்டி என்ன ஆகப்போகுது?" அவன் குழாயை மூடினான். கையைத் துடைக்கத் துண்டு தேடினான். அது அவள் கையில் இருந்தது. கேட்காமல் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். "நீ துவைச்சது தெரியும். கை வீங்கினது தெரியும். நீ அந்த ரூமக் கட்டினதுக்கு நான் கோபப்படல. நான் உன் இடத்துல இருந்திருந்தா நானும் கட்டியிருப்பேனோ என்னவோ." கோட்டை மாட்டினான். "ஆனா அவர் என்னப் பாத்த பார்வை இருக்கே, அத எங்க போய் நான் வெக்கறது?"

இருட்டுவதற்குள் மலைச்சாலையைத் தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வாசலில் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தான், எப்போதும் போல.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் போன் செய்கிறான், தவறுவதில்லை. சாப்பிட்டியா, கால்வலி எப்படி, பாய்லர் சரியாக ஓடுகிறதா. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஏப்ரலில் ஒருமுறை டோரீன், "கிரெய்க், அன்னிக்கு நீ சொன்னத நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்று ஆரம்பித்தாள். "வேற ஏதாவது பேசும்மா" என்றான். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அவள், திங்களிலிருந்து விடாமல் மழை என்றும், ஹல்லில் எப்படி என்றும் கேட்டாள்.