சின்ன வயதுக் குமரன்

பனியன் கம்பெனியில் படம் அச்சாகி டிரையரில் ஓடி இறங்கும் சட்டைகள் சூடு ஆறுவதற்கு முன்பே செக்கிங் மேஜைக்கு வந்துவிடும். முத்துப்பேச்சி ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, உள்ளங்கையால் நீவி, எங்காவது சாயம் தப்பியிருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். அன்று காலை டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், புதிதாக வந்து விழுந்த கட்டிலிருந்து முதல் சட்டையை எடுத்து விரித்தாள். சட்டையின் நெஞ்சில் அவள் மகன் தனுஷ் இருந்தான். நான்கு வருடங்களுக்கு முன்னால், கல் வெட்டியெடுத்துவிட்டுப் போட்ட பாறைக்குழித் தண்ணீரில் போய்ச் சேர்ந்தவன்.

அவள் அலறவில்லை. கை மட்டும் பழக்கத்தில் நீவிக்கொண்டிருந்தது. காய்ச்சல் நாளில் அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படியே வெதுவெதுவென்று இருந்தது துணி. தலையில் வெள்ளைக் குல்லாய், கையில் கொடி, படம் முழுக்க அந்தக் காலத்துப் பழுப்பு. கீழே கொட்டை எழுத்தில் ‘சின்ன வயதில் திருப்பூர் குமரன்’ என்று போட்டிருந்தது. அடுத்த சட்டையை எடுத்தாள். அதிலும் அவன்தான். அதற்கடுத்ததிலும் அவன்தான். கட்டு முழுக்க அவனே அடுக்கடுக்காகப் படுத்திருந்தான்.

ஏதோ ஒரு பெரிய பள்ளிக்கூடத்து ஆர்டர் அது. பெரிய மனிதர்களும் ஒரு காலத்தில் உங்களைப் போலப் பொடியன்களாகத்தான் திரிந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். வகுப்புக்கு ஒரு தலைவர், தலைவருடைய பாலிய முகம், அதை மாட்டிக்கொண்டு சுதந்திர தினத்துக்கு ஊர்வலம். போன வாரம் முழுக்க வேறு தலைவர்களின் சின்ன வயது முகங்கள் வந்துபோயின. எல்லாம் சமர்த்தாகத் தலைவாரிய பையன்கள். முத்துப்பேச்சி அவர்களையெல்லாம் ஒரு தயவுமில்லாமல் அம்பு ஒட்டித் தள்ளியிருக்கிறாள்.

இந்தப் படம் எங்கே எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். வேலம்பாளையத்துப் பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டி. தனுஷ் குமரன் வேஷம் கட்டினான். குல்லாய் கடையில் கிடைக்கவில்லை என்று முதல் நாள் சாயங்காலம் அவள்தான் கம்பெனித் துண்டுத்துணியை, விளிம்புத் தையல் போடுகிற ஓவர்லாக் மெஷினில் ஓட்டித் தைத்துக் கொடுத்தாள். அவசரத்தில் தைத்ததால் அந்தத் தையல் பிசிறோடு வெளியே தெரிந்தது. “பிசுறு தெரியுதும்மா” என்று மூக்கால் அழுதான். “குமரன் காலத்துல எல்லாம் இப்படித்தாம்ல இருக்கும்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினாள். பரிசு வாங்கி வந்தான். டீச்சர் யாரோ போட்டோ எடுத்ததாகச் சொன்னான். அந்தப் போட்டோவை அவள் பார்த்ததே இல்லை.

எந்தப் போட்டோவும்தான் இப்போது அவளிடம் இல்லை. அவன் போன பிறகு அவள் சோறு தண்ணீர் இல்லாமல் போனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று புருஷன் பெருமாள்சாமி அத்தனை படங்களையும் அழித்துவிட்டான். துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் பாபநாசம் போய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தான். செத்த பிள்ளையின் துணி இன்னொரு பிள்ளை மேலே படக்கூடாது. மாலை போட்ட படத்தைச் சுவரில் மாட்ட முத்துப்பேச்சிதான் சம்மதிக்கவில்லை. ஆக வீட்டில் அவன் இல்லை. கொஞ்ச நாளாக அவள் நினைப்பிலும் அவன் முகம் கலங்கிக்கொண்டிருந்தது. புருவத்து வெட்டு இடதா வலதா என்று ஒரு நாள் சட்டென்று மறந்துபோய், கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெற்றவளுக்கு முகம் மறக்குமா என்று யார் கேட்டாலும் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. இப்போது பார்த்தாள். இடதுதான்.

மத்தியானம் வரைக்கும் முத்துப்பேச்சியைப் போல சந்தோஷமான மனுஷி அந்த ஊரிலேயே கிடையாது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. ஒரு சட்டையிலும் அம்பு ஒட்டவில்லை. சாயம் இழுகின சட்டை, கன்னத்தில் ஓட்டை விழுந்த சட்டை எல்லாமே அவள் கையில் பாஸ் ஆகின. பக்கத்து மேஜை சித்ராதேவி ஒன்றிரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தூக்கம் போலிருக்கிறது என்று தானே அவற்றுக்கு அம்பு ஒட்டி ஒதுக்கினாள். சித்ராதேவி தேனிப் பக்கத்துக்காரி, நல்ல மாதிரி. தனுஷ் போன பிறகுதான் இங்கே வேலைக்கு வந்தாள். அவனைப் பார்த்ததில்லை.

ஒதுக்கியதில் ஒன்றை உதறிப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: “ஏக்கா, இதுல சைடுல லேசாத்தான் இழுகிருக்கு. ஓனர்ட்ட கேட்டு வாங்கிக்கிறட்டா? எம்மகனுக்குத் தச்ச மாதிரியே இருக்கும்.”

சொல்லிக்கொண்டே அளவு பார்க்கும் தோரணையில் சட்டையின் இரண்டு தோள்களையும் விரித்தாள். காற்றில் ஒரு பிள்ளை நிற்பது போல இருந்தது. சித்ராதேவியின் மகனுக்கும் அதே வயது. வீட்டுக்குத் தெரியாமல் குளிக்கப் போகிற வயது.

முத்துப்பேச்சி பாய்ந்து அதைப் பிடுங்கினாள். “வேண்டாம்ட்டி! புள்ளைக்குப் போடாத. போடாதட்டி!”

காலையிலிருந்து ஏன் தனக்கு இது தோன்றவில்லை என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செத்த பிள்ளையின் முகத்தை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நடக்கப் போகிறார்கள். அவர்களுடைய அம்மாமார் ஒன்றும் அறியாமல் தலை வழியாக மாட்டி, இழுத்துவிட்டு, அழகு பார்த்து அனுப்பப் போகிறார்கள். தனுஷ் கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அவனுக்கு எப்போதும் தனியாக எங்கும் போகப் பிடிக்காது, கூட ஒருத்தனையாவது இழுத்துக்கொண்டுதான் போவான். பாறைக்குழிக்குத்தான் தனியாகப் போனான். அந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

முதலாளி மகுடேஸ்வரன் கண்ணாடி அறையில் போன் பேசிக்கொண்டிருந்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்துப் போனை வைத்தார்.

“என்னங்கக்கா, இப்படி வேர்க்குது? உக்காருங்க.”

“அண்ணாச்சி, இது குமரன் இல்ல.” சட்டையை மேஜையில் விரித்தாள். “இது எம்புள்ள.”

மகுடேஸ்வரனின் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. பாவம், இவளுக்கு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிற இரக்கம். அவள் அதைக் கண்டுகொண்டாள். குல்லாயின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். இளவயதில் அவரும் ஓவர்லாக் ஓட்டியவர்தான். பிசிறு விட்ட தையலின் மேலே விரலை ஓட்டிப் பார்த்தார்.

“வேல்குமாரு!” என்று டிசைனரைக் கத்திக் கூப்பிட்டார். “இந்தப் படம் எங்கிருந்து எடுத்த?”

“குமரனுக்கு மட்டும் சின்ன வயசுப் படம் ஒண்ணும் சிக்கலீங்க. வாட்ஸ்அப்ல இது வந்துச்சுங்க. பேரு போட்டிருந்துது. கலரும் பழசாத்தான் இருந்துது, நம்பிட்டேனுங்க.”

“குமரன் காலத்துல ஏதுடா ஓவர்லாக் தையலு?”

வேல்குமார் படத்தைப் பார்த்தான், முத்துப்பேச்சியைப் பார்த்தான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

“மன்னிச்சுக்குங்கக்கா,” என்றார் மகுடேஸ்வரன். “பள்ளிக்கூடத்துல நான் பேசிக்கறேன். வேற ஓட்டிக் குடுத்தர்லாம். இதெல்லாம் இன்னிக்கே வெட்டி வேஸ்ட்ல போட்ரச் சொல்றேன்.”

வெட்டி என்ற சொல்லில்தான் அவளுக்கு உறைத்தது. தள்ளுபடியான சட்டையை அப்படியே வெளியே விட்டால் எவனாவது சந்தையில் விற்றுவிடுவான் என்று பிரிண்ட் மேலேயே கத்திரி போட்டு நாசம் பண்ணித்தான் அனுப்புவார்கள். அப்புறம் அது பனியன் வேஸ்ட். ஒர்க் ஷாப்பில் ஆயில் துடைப்பார்கள், கிரீஸ் கையைத் துடைப்பார்கள். அவளே எத்தனையோ முகங்களை வெட்டித் தள்ளியிருக்கிறாள்.

“உங்களுக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்குங்கக்கா,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் சட்டைக் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாமே அவன்தான். ஒருவனை மட்டும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு மற்றவனையெல்லாம் எந்த வாயால் போகச் சொல்வது?

“வேண்டாம் அண்ணாச்சி. வெட்டுறத மட்டும் வேற யார்ட்டயும் குடுக்காதீங்க. நானே வெட்டிருதேன்.”

சாயங்காலம் வரை வெட்டினாள். சித்ராதேவி கூட உட்கார்ந்து சட்டைகளை விரித்து விரித்துக் கொடுத்தாள். முத்துப்பேச்சி கொடியை வெட்டினாள், எழுத்துகளைக் குறுக்கே வெட்டினாள், கொடி பிடித்த கையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். கத்திரி கழுத்துக்கு மேலே ஏறவே இல்லை. முகத்தை அவள் விட்டுவைப்பது தெரிந்தும் மகுடேஸ்வரன் அந்தப் பக்கம் வரவில்லை.

வெயில் தாழ்ந்தபோது வேஸ்ட் எடுக்கிற சுப்பண்ணன் வண்டியோடு வந்தார். மூட்டைகளைக் காலால் மிதித்து அமுக்குவது அவர் வழக்கம். முத்துப்பேச்சி நின்ற தோரணையைப் பார்த்து, ஏனோ கையாலேயே தூக்கி ஏற்றினார். பிறகு மூட்டை வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கயிற்றை எடுத்தார்.

“கட்டாதீங்கண்ணே.”

“ஏனுங்கம்மணி? வழியில சிந்தீருமுங்களே.”

“கட்டாதீங்க,” என்றாள் முத்துப்பேச்சி. “மூச்சு முட்டும்.”

சுப்பண்ணன் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார். சித்ராதேவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மண் ரோட்டில் வண்டி மெதுவாகத்தான் போனது. திறந்த மூட்டைக்குள் காற்று புகுந்து, மேலே கிடந்த சட்டையின் சின்னக் கை ஒன்று எழுவதும் விழுவதுமாக இருந்தது. பாறைக்குழி வளைவில் வண்டி திரும்பும் வரைக்கும் அது எழுந்து எழுந்து விழுந்தது.