விருந்தாளிக்குக் கொடுத்த கிணறு

மலையில் பனி விழுந்தால் சவூதியின் தபூக் நகரமே வண்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வரும். அடுப்பு, காப்பிக் குடுவை, கம்பளி, குழந்தைகள் எல்லாம் வரும். பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிவார்கள். திரும்பும்போது வண்டியின் முன்மூடியில் ஒரு குவியலை அப்பி எடுத்துப் போவார்கள், போக முடியாதவர்களுக்குக் காட்டுவதற்கு. நகரத்து முதல் விளக்குக்கம்பம் வருவதற்குள் அது ஒழுகிப் போயிருக்கும். இங்கே பனி என்றால் அவ்வளவுதான். அதனால் ஆசியாவின் குளிர்கால விளையாட்டுப் போட்டி இந்த மலையில் நடக்கப்போகிறது என்று சொன்னபோது வள்ஹா முதலில் சிரித்தாள்.

தம்பியின் மனைவி துர்க்கியா போனை நீட்டினாள்.

"பாரு, இது நம்ம மலையாம்."

"நம்ம மலையா? சோப்பு போட்டுக் குளிப்பாட்டின கழுதை மாதிரி இருக்கு."

"மெஷின் வச்சு அடிப்பாங்களாம். ராத்திரி நல்லா குளிரினாப் போதுமாம். தண்ணியைப் பீச்சினா பனியா விழுமாம்."

"குளிரு இருக்கு. தண்ணி?"

துர்க்கியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ரொட்டி மாவைப் பிசையப் போனாள். அப்போதுதான் வள்ஹாவின் சிரிப்பு நின்றது. பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழ்வரை கோடையிலும் வற்றாத கிணறு ஒன்றே ஒன்றுதான். அது அவளுடையது.

அவளுடையது என்பதற்குப் பத்திரம் எதுவும் இல்லை. பிள்ளை பெறவில்லை என்று கணவன் அவளைத் திருப்பி அனுப்பிய வருடம், தகப்பனாரும் போய்ச் சேர்ந்திருந்தார். அவள் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தம்பி சுவைலிம் வாசற்படியில் வந்து நின்றான். "கெணறும் தோட்டமும் நீ இருக்கிற வரைக்கும் உனக்குத்தான். இது என் வார்த்தை" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான். அவள் கண்ணில் வழிந்தது வெங்காயத்தாலா என்று அவனும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. பாதாம், அத்தி, கொஞ்சம் மாதுளை. அப்போது பாதி பட்டுக்கிடந்த தோட்டம். இன்று அதில் எந்த மரம் எந்தப் பக்கம் சாயும், எதற்குக் காலையில் தண்ணீர் பிடிக்கும், எதற்கு மாலையில் என்பதெல்லாம் அவள் உடம்புக்குத் தெரியும். குழந்தை பெற்றவர்கள் தூக்கத்தில் குழந்தையின் அசைவை உணர்வதுபோல, காற்று மாறினால் அவள் விழித்துக்கொள்வாள்.

போட்டிக்காக வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் தம்பியைத் தனியாகப் பிடித்தாள். நாலுபேர் முன்னால் அவனை அபூ ராகான், அதாவது ராகானின் அப்பா, என்றுதான் கூப்பிடுவாள். தனியாக இருக்கும்போது மட்டும் பெயர்.

"சுவைலிம், குடுத்துடுவியா?"

"பைத்தியமா உனக்கு? வர்றவன் விருந்தாளி. காப்பி குடிப்பான், பேரீச்சம்பழம் தின்பான், போவான். கேட்டான்னா இல்லேன்னு சொல்லிடறேன்."

"சொல்லிடுவே?"

"குடிச்சப்புறம் கேக்குறவனுக்கு இல்லேன்னு சொல்ல எனக்கென்ன பயம்?"

அவன் சொன்னது சரிதான். காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்பவன் சும்மா கேட்கிறான். உண்மையிலேயே ஒன்றை வேண்டி வந்தவன் குடிக்க மாட்டான். கோப்பையை வாங்கித் தன் முன்னால் தரையில் வைத்துவிட்டு வாய்மூடி இருப்பான். வீட்டுக்காரன், "குடிங்க, வந்த காரியம் முடிஞ்சுது" என்று சொன்ன பிறகுதான் கோப்பையைத் தொடுவான். பெண் கேட்டு வந்தாலும் இப்படித்தான், கொலைப்பழிக்குச் சமாதானம் கேட்டு வந்தாலும் இப்படித்தான். காப்பி ஆறிப்போக, குடிக்காமல் எழுந்துபோனான் விருந்தாளி என்றால், அந்த வீட்டு ஆண்கள் அப்புறம் எந்தக் கூட்டத்தில் வாய் திறந்தாலும் மற்றவர்கள் அந்தக் கோப்பையைத்தான் சொல்லிக்காட்டுவார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். பனி அடிக்கும் வேலையிலேயே தலை நரைத்த அன்டோன் என்ற ஆஸ்திரியாக்காரர். அவருக்குப் பேச்சை மாற்றிச் சொல்ல ஜோர்டானின் அம்மான் நகரத்து நிளால். சுவைலிமும், பெரியப்பா மகன் ஹமூதும், இன்னும் இரண்டு உறவுக்காரர்களும் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு இந்தப்பக்கம் வள்ஹா. அன்று காற்று கடித்தது. அதனால் கோப்பைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவைத்து, சூட்டோடு சூடாகத் தட்டில் அடுக்கி, திரைக்கு அடியில் தள்ளினாள்.

"பனி விழுந்தா எத்தனை நாள் கிடக்கும்னு கேக்குறாரு" என்றான் நிளால்.

"ஒருநாள் கிடக்கும்" என்றான் ஹமூத். "என் மச்சினன் கடன் கேட்டா வர்ற பாசம் மாதிரி. மத்தியானத்துக்குள்ள கரைஞ்சுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நிளால் சொன்னதும் அன்டோனும் சிரித்தார். விழும் பனி தனக்குத் தேவையில்லை, இரவின் குளிர் போதும், காற்று உலர்ந்திருப்பது இன்னும் நல்லது என்றார். தண்ணீரை நினைத்தால்தான் தனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னார். அதை நிளால் பாதி விழுங்கித்தான் சொன்னான்.

"அப்போ சறுக்குறது யாரு, நாங்களா?" என்றான் ஹமூத். "அபூ ராகானுக்கு ஒரு சோடி பலகை குடுங்க. ஒட்டகத்துலேருந்து விழுந்து பழக்கம்தான்."

"நீ விழுந்ததை நான் சொல்லட்டுமா?" என்று சொல்லிக்கொண்டே சுவைலிம் காப்பியை ஊற்றி நீட்டினான்.

அன்டோன் வாங்கினார். அடுத்த நொடியே அதைத் தன் முன்னால் விரிப்பில் வைத்தார்.

திரையின் இடுக்கு வழியாக வள்ஹா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை முழங்காலுக்குக் கீழே மறைத்து விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்ததைப் பார்த்தாள். குனிந்து, யாருக்கும் தெரியாமல் ஊதிக்கொண்டதையும் பார்த்தாள். சுட்டுவிட்டது. பிடி இல்லாத கோப்பை, கொதிதண்ணீரில் கிடந்த கோப்பை. அவ்வளவுதான்.

ஆனால் கூடாரத்தில் பேச்சு நின்றிருந்தது. ஹமூத் மென்றுகொண்டிருந்த பேரீச்சம்பழத்தை மெல்லாமல் வைத்திருந்தான். எல்லோர் பார்வையும் கோப்பை மேல். விருந்தாளியும் வாய்மூடி இருந்தார், விரல் எரிச்சல் அடங்கட்டும் என்று.

சுவைலிம் நிமிர்ந்து உட்கார்ந்தான். தோள் விரிந்தது.

"குடிங்க. வந்த காரியம் முடிஞ்சுது."

நிளாலும் இந்த மண்ணின் வழக்கம் தெரிந்தவன்தான். அவன் கோப்பையைப் பார்த்தான், ஆஸ்திரியாக்காரரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு தயக்கம் வந்து, போனது. அது போனதைத்தான் வள்ஹா பிறகு பலநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அல்லாஹ் உங்க முகத்தை வெண்மையாக்கட்டும், உங்க கௌரவம் வாழட்டும், அபூ ராகான். கெணத்துக்காகத்தான் வந்தோம்."

அன்டோனிடம் ஏதோ சொன்னான். அவர் வியப்போடு நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்தார். அதற்குள் கோப்பை ஆறியிருந்தது. எடுத்துக் குடித்தார்.

வள்ஹாவின் வாய் திறந்தே இருந்தது. 'அவருக்கு வெரல் சுட்டுடுச்சு' என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். திரைக்கு அந்தப்பக்கம் அந்தக் குரல் போய் விழுந்திருந்தால் ஹமூத் வெடித்துச் சிரித்திருப்பான், கிணறு தப்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. பயம் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள், வெட்கம் என்றும் சொல்லிப்பார்த்தாள். இரண்டும் பொருந்தவில்லை. உண்மை அதைவிட மோசமாக இருந்தது. அந்த ஒரு நொடி தம்பி அத்தனை அழகாக இருந்தான். கேட்பதற்கு முன்பே கொடுக்கிறவனின் முகம். பெற்றவரிடம் அவள் பார்த்த முகம். அதை உடைக்க அவளுக்குக் கை வரவில்லை. அவளுடைய கிணற்றைத்தான் கொடுக்கிறான் என்பது அவளுக்கு அந்த நொடி கழிந்த பிறகுதான் உறைத்தது.

வண்டி போன பிறகு கூடாரத்துக்குள் போனாள்.

"அவருக்கு வெரல் சுட்டுது. நான் பாத்தேன்."

"நீ பாத்தே. ஹமூத் என்ன பாத்தான்?"

"எனக்குக் குடுத்ததும் வார்த்தைதானே?"

அவன் குடுவையைக் கவிழ்த்து மண்டியைக் கொட்டினான்.

"சொல்லு, சுவைலிம். அது வார்த்தை இல்லையா?"

"அது வீட்டுக்குள்ள சொன்னது, வள்ஹா."

"வீட்டுக்குள்ள சொன்னா?"

"நாலு பேர் கேட்டதை நான் எப்படி முழுங்குவேன்? நீ என் ரத்தம். நீ பொறுத்துக்குவே. அவங்க பொறுப்பாங்களா?"

"வெரலை ஊதினாரே, அதை நீயும் பாத்தியா?"

அவன் கூடாரத்து முளைக்குச்சியைச் சரிசெய்யக் குனிந்தான். காற்றில் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. அவன் பார்க்கவில்லை என்றால் அவன் ஏமாளி. பார்த்தான் என்றால் அவன் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எதையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் ரொட்டி சுட முடியாது.

கம்பெனி ஆட்கள் குழாய்களோடு வந்தார்கள். கிணற்றைச் சுற்றி இரும்பு அறை எழுந்தது, பம்பு வந்தது, பூட்டு வந்தது. வருகிறவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருந்தார்கள். தோட்டத்துக்கு ஒரு மெல்லிய குழாயை விட்டுக்கொடுத்தார்கள். "போதுமா அத்தை?" என்று கேட்பார்கள். போதாது என்று சொல்ல அவளுக்கு உரிமை எங்கே இருந்தது? அந்தக் குளிர்காலம் மலைச்சரிவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பழுப்பு மலையில் யாரோ சுண்ணாம்பால் கீறியதுபோல. துர்க்கியா அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

"அழகாத்தான் இருக்கு, இல்லே?" என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் வள்ஹா. அதில் என் அத்திமரங்கள் கிடக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அடுத்த வருடம் போட்டி வேறொரு குளிர்நாட்டுக்குப் போய்விட்டது. இங்கே நேரத்துக்கு முடியாது என்றார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். லாரிகள் இறங்கிப் போயின. நல்ல பிள்ளைகளும் போனார்கள். போகும்போது பம்பை நிறுத்தினார்கள். மெல்லிய குழாயும் நின்றது. பூட்டு மட்டும் இருந்தது.

"ஒடைச்சுடு" என்றாள் தம்பியிடம்.

"குடுத்ததை எப்படி ஒடைக்கிறது?"

"யாரும் இல்லையே அங்கே!"

"குடுத்தவன் இருக்கேனே நான். வாங்கினவன் விடணும். அவன் வாயால 'விட்டுட்டேன்'னு ஒரு சொல் வரட்டும், அந்த நிமிஷமே ஒடைக்கிறேன்."

நிளாலின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். அவனும் வேலை போய் அம்மானுக்கே திரும்பியிருந்தான். அந்தக் காப்பி நாளை அவள் நினைவுபடுத்தினாள்.

"நீ அன்னைக்குப் புரிஞ்சுதான் சொன்னே, இல்லையா மகனே?"

"ஆமா, தாயே. அந்த மாசம் ஒரு கெணறு வாங்கிக் குடுக்கலேன்னா என்னை அனுப்பியிருப்பாங்க. இப்பவும் அனுப்பிட்டாங்க."

"அந்த ஆளைக் கேளு. விட்டுட்டேன்னு சொல்லச் சொல்லு."

கேட்டான். மறுநாள் அவனே கூப்பிட்டான். "'எந்தக் கெணறு, அது என்னுடையது இல்லையே'ன்னு சொல்றாரு. பாவம், உங்க காப்பி ரொம்ப நல்லா இருந்துதுன்னும் சொல்லச் சொன்னாரு. தாயே, தனக்கு ஒண்ணு கெடைச்சுதுன்னே தெரியாதவர் அதை எப்படித் திருப்பிக் குடுப்பார்?"

இதை அப்படியே சுவைலிமிடம் சொன்னாள். அவன் நெடுநேரம் யோசித்தான். அவர் தன்னுடையது இல்லை என்கிறார் என்றால் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார் என்றுதானே அர்த்தம், அப்படியானால் கம்பெனிதான் விடவேண்டும் என்றான். தபூக்கில் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தான். அங்கே இப்போது செருப்புக்கடை இருந்தது.

கோடை வந்தது. சுவைலிம் தண்ணீர் லாரி வரவழைத்தான். கேட்காமலே வரவழைத்தான், ஒருதரமும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இரவில் வைது தூங்கியிருப்பாள். பூட்டிய அறைக்குக் கீழே தண்ணீர் ததும்பிக் கிடக்க, அதன் சுவரை ஒட்டி நின்று அக்காவும் தம்பியும் எங்கேயோ கீழிருந்து ஏறிவந்த தண்ணீரை வாளியில் பிடித்து மரத்துக்கு மரம் சுமந்தார்கள். மண் அதைச் சத்தமே இல்லாமல் குடித்தது. எத்தனை ஊற்றினாலும் ஈரம் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

அன்று லாரி பாதித் தண்ணீரோடுதான் வந்தது. சாலையில் ஒழுகிவிட்டதாம். வள்ஹா வரிசையைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் காணாது.

"எதை விடட்டும்? நீ சொல்லு" என்றாள்.

சுவைலிம் வாளியோடு நின்றான். இலை சுருண்ட பாதாமைப் பார்த்தான், அத்தியைப் பார்த்தான். வாளியை மறு கைக்கு மாற்றினான்.

"சொல்லேன். நாலு பேர் முன்னாடி வேணாம். என் முன்னாடி சொல்லு."

"என்னைக் கேக்காதே, வள்ஹா" என்றான் மெல்ல. "என்னால முடியாது."

அவள் அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள். முதல் மரத்தருகே போய் நின்றாள். அதன் அடிமண்ணைக் காலால் தொட்டுப்பார்த்தாள். பிறகு ஊற்றாமல், தண்ணீர் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள்.