வியாழக்கிழமை, ஒன்று முதல் நான்கு வரை

...நாற்பது டிகிரியா, அறுபதா, ஃப்ளானல் சட்டைக்கு நாற்பதே போதும், ஆனால் மூன்று நாள் தரையில் கிடந்த மனிதரின் சட்டைக்கு எவ்வளவு வைப்பது என்று எந்த இயந்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. பார்ப்ரோ அந்தப் பிளாஸ்டிக் பையைத் துணி மடிக்கும் மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள், அரைமணி நேரமாக, அதைத் தொடாமல். கட்டடத்துக்கே பொதுவான அந்தச் சலவை நிலவறை முழுக்கச் சோப்புத்தூள் வாசனை, மேலே சின்ன ஜன்னலில் நவம்பர் வெளிச்சம், இப்போதே சோர்ந்துபோய், மூன்றரைக்கெல்லாம் அதுவும் இருக்காது. மூன்று இயந்திரங்களும் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றன. சும்மாதானே நிற்கும், மணி இரண்டு, வியாழக்கிழமை ஒன்றிலிருந்து நான்கு வரை ஸ்டூரேயின் நேரம், துவைக்கும் நேரத்தைக் குறித்துவைக்கும் சுவர்ப் பலகையில் அவர் வீட்டு எண் போட்ட சின்னப் பூட்டு அந்தக் கட்டத்தில்தான் செருகியிருக்கிறது, பதினொரு வருடமாக அங்கேதான், அடுத்த கட்டத்தில், நான்கிலிருந்து ஏழு, இவளுடைய பூட்டு. இந்தக் கட்டடத்தில் அடுத்தவர் நேரத்தில் இயந்திரத்தைத் தொட்டவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. இப்போது நேரம் அவருடையது, துணி அவருடையது, கை மட்டும் இவளுடையது, இதற்கு விதி என்ன? விதி தேடுகிறாயா பார்ப்ரோ, இப்போது கூடவா, என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்டுவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

பையைக் கொண்டுவந்து கொடுத்தவள் அப்ரெஹெத், ஸ்டூரேயின் எதிர்வீட்டுக்காரி, எரித்ரியாவிலிருந்து வந்தவள், இந்தக் கட்டடத்தில் நாலு வருடம். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து உள்ளங்கையால் கதவைத் தட்டினாள், அழைப்பு மணி என்று ஒன்று எதற்கு வைத்திருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது, திறந்தால் பாதி உள்ளே வந்துவிட்டிருப்பாள். எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லி நீ என்று பேசும் நாட்டில் அவள் ஒருத்திக்குத்தான் பார்ப்ரோ அக்கா. "அக்கா, இன்னைக்கு வியாழன், அவரோட நேரம்தானே, அதுலயே போட்டு எடுத்துருங்க. ஆஸ்பத்திரி அங்கி வேணாமாம், தன் சட்டைதான் வேணுமாம். அஞ்சு மணிக்குப் போகலாம்." போகலாம் என்றாள், இவளைக் கேட்காமலே இவளையும் சேர்த்து. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, சிறுநீரகம் ஓய்ந்துவிட்டது, டாக்டர் ரெண்டு நாள் மூன்று நாள் என்கிறார், தான் ஊட்டினால்தான் வேளைக்கு இரண்டு கரண்டி கஞ்சி இறங்குகிறது, என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். உள்ளே எப்படி விட்டார்கள், சொந்தக்காரர்களைத்தானே விடுவார்கள் என்று பார்ப்ரோ கேட்டதற்கு, மகள் என்று சொல்லிவிட்டேன் என்றாள், கண்ணைக்கூட இமைக்காமல். "அந்த நர்ஸ் என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, சரி போன்னு விட்டுட்டா. நீங்க தங்கச்சின்னு சொல்லிடுங்க, உங்களை நம்பிடுவாங்க." பார்ப்ரோவுக்குச் சிரிப்பு வந்தது, அறுபத்தேழு வயதுவரை ஒரு படிவத்தில்கூடப் பொய் எழுதாதவள், தங்கையாம். பிறகு, என்ன சொல்வது, துணி இருக்கிறது, பார்க்கலாம், என்று எதையோ முணுமுணுத்தாள்.

யாருக்கு யார் என்ன... நூலகத்தில் புதன்கிழமை மாலை, புதிதாக வந்தவர்கள் பேசிப் பழகும் வகுப்பு, ஓய்வு பெற்ற பிறகு பார்ப்ரோ போய் உதவுகிறாள், அங்கேதான் அப்ரெஹெத்தை முதலில் ஒழுங்காகப் பார்த்தது, படிக்கட்டில் பார்த்ததெல்லாம் பார்த்ததாகுமா. 'நான்' என்று தொடங்கிப் பத்து வரி எழுதுங்கள் என்பது பயிற்சி. அப்ரெஹெத் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள், நான் ஃபில்மோனின் அம்மா, நான் தெஸ்ஃபாயின் மகள், நான் செத்துப்போன எல்சாவின் அக்கா, நான் ஸ்டூரேயின் எதிர்வீடு... பார்ப்ரோ பச்சை மையால் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, ஓரத்தில், உங்களைப் பற்றி எழுதுங்கள், என்று குறித்தாள், 'உங்களை' என்பதற்கு அடியில் கோடு வேறு. அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "என்னைப் பத்திதானே அக்கா எழுதியிருக்கேன். இதையெல்லாம் எடுத்துட்டா அப்புறம் யாரு இருக்கா?" மாதிரிக்குப் பார்ப்ரோ தன்னுடையதை எழுதிக் காட்டினாள், மடமடவென்று, நான் நேரம் தவறாதவள், நான் நேர்மையானவள், நான் தனியாக நடக்கப் பிடித்தவள், நான் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. அப்ரெஹெத் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அய்யோ பாவம், என்றாள், அதுவும் உண்மையான இரக்கத்தோடு. அன்றைக்குக் கோபம்தான் வந்தது. யாரைப் பார்த்து யார் பாவம் என்பது, சொந்த வீடு, சொந்த ஓய்வூதியம், மகள் மால்மோவில் நல்ல வேலையில், ஞாயிறு பதினோரு மணிக்கு போன் பேசுவாள், பத்து நிமிடம் தாமதமானால் ஒருவரையொருவர் ஏதாவது அவசரமா என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒழுங்கு. அப்பா சாகும்வரை சொன்னது ஒன்றே ஒன்று, தன் கையே தனக்குதவி. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

போன வியாழக்கிழமை... அதை நினைக்காமல் இந்தப் பையைப் பிரிக்க முடியாது போலிருக்கிறது. நான்கு மணிக்குக் கூடையோடு இறங்கி வந்தாள், இயந்திரங்கள் காய்ந்து கிடந்தன, ஒரு சொட்டு ஈரமில்லை, மனிதர் வரவே இல்லை. மூன்று மணி நேரம் வீண், இரண்டாம் மாடிக் கைக்குழந்தைக்காரி நேரம் கிடைக்காமல் திண்டாடுகிறாள், இவர் பூட்டைச் செருகிவிட்டு வராமல் இருந்துவிடுவாராம். போய்க் கேட்டிருக்கலாம். கேட்பதா, கதவைத் தட்டியா, இது என்ன நேரம், அவர் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ, முகத்துக்கு நேரே கேட்டால் மனிதருக்குச் சங்கடமாகாதா... அதனால் எல்லோரும் செய்வதைச் செய்தாள், சீட்டு எழுதினாள். வணக்கம்! நேரம் எடுப்பவர்கள் வர வேண்டும், வராவிட்டால் பூட்டை எடுத்துவிட வேண்டும், இந்தக் கட்டடத்தில் மற்றவர்களும் வாழ்கிறோம்! இப்படிக்கு, பக்கத்து வீட்டார். பச்சை மை. பேர் போடவில்லை, போடாமல் இருப்பதுதான் நாகரிகம். அவர் கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கினாள், உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, கப்பல்களுக்கான வானிலை, காற்று வடமேற்கு... அப்போது ஒரு இருமல். ஒரே ஒரு இருமல், கிட்டத்தில், தாழ்வாக. அட, வீட்டில்தான் இருக்கிறார், இருந்துகொண்டே வரவில்லை, என்று சுருக்கென்றது, சீட்டைத் தள்ளிவிட்டு, கதவு திறந்து முகம் பார்க்க நேர்ந்துவிடுமோ என்று திடுதிடுவென்று படியேறி ஓடினாள். அறுபத்தேழு வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் ஓட்டம். இருமல் ஏன் அவ்வளவு தாழ்வாக, தரையிலிருந்து கேட்டது என்று வீட்டுக்குள் போய்க் காப்பி போடும்போது ஒரு நொடி தோன்றியது, தோன்றியதா, இல்லை இப்போது சேர்த்துக்கொள்கிறாளா? தோன்றியது. பால் ஊற்றியதும் மறந்துவிட்டாள்.

ஞாயிறன்று அப்ரெஹெத்தான் கண்டுபிடித்தாள். மூன்று நாளாக ஊன்றுகோல் சத்தம் கேட்கவில்லை என்று உள்ளங்கையால் தட்டினாள், பிறகு முஷ்டியால், பிறகு கத்தினாள், கட்டடம் முழுக்கக் கேட்டது, பார்ப்ரோவும் கேட்டாள், கேட்டுவிட்டு, இப்படியா கத்துவது ஞாயிற்றுக்கிழமையில், என்று நினைத்தாள், நினைத்ததைத் தன்னிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தது, பூட்டை உடைத்தார்கள், கதவுக்குப் பின்னாலேயே தரையில் கிடந்தார், இடுப்பெலும்பு உடைந்து. யாராவது ஏதாவது கவனித்தீர்களா என்று சீருடைக்காரர் மாடி மாடியாகக் கேட்டுக்கொண்டு வந்தபோது பார்ப்ரோ, இல்லை, எதையும் கவனிக்கவில்லை, என்றாள். நான் நேர்மையானவள்... வகுப்பில் எழுதிக் காட்டியதில் இரண்டாவது வரி. ரேடியோவும் இருமலும் அன்றிலிருந்து உள்ளேயே கிடக்கின்றன, யாரிடம் சொல்வது, மகளிடமா, அதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இன்றைக்குப் பகலில் பையைக் கொடுத்துவிட்டு அப்ரெஹெத் கிளம்பும்போது, சர்வ சாதாரணமாக, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "கீழ கிடந்தப்ப நினைவு இருந்திருக்கு அவருக்கு. யாரோ வாசல் வரைக்கும் வந்தாங்களாம். கூப்பிட்டிருக்கலாமே பெரியவரேன்னேன். அவசரமா வந்த மாதிரி இருந்துச்சு, தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேங்கறாரு. என்ன சனங்க அக்கா நீங்க?" பார்ப்ரோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அவள் திட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவருக்கும் அப்பா இருந்திருப்பார், தன் கையே தனக்குதவி என்று அவரும் கேட்டு வளர்ந்திருப்பார், இருமல் வந்ததற்கே மன்னிப்புக் கேட்க நினைத்திருப்பார். இரண்டு பேரும் ஒரே மாதிரி நல்ல மனிதர்கள், நடுவில் ஒரு கதவு... போதும். பார்ப்ரோ எழுந்து பையைப் பிரித்தாள். மூத்திர வாடை குப்பென்று வந்தது, முகத்தைத் திருப்பவில்லை, அதற்குக்கூட ஒரு வெட்கம். கால்சட்டை, உள்சட்டை, நீலக் கட்டம் போட்ட ஃப்ளானல், ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையும் வெட்டாமல் கழற்றியிருக்கிறார்கள். அடுத்தவர் துணியைத் தொட்டு எத்தனை வருடமாயிற்று, புருஷன் இருந்தவரைக்கும்தான், அவன் போயும் பத்தொன்பது வருடம். பைகளைப் பார்க்காமல் எதையும் இயந்திரத்தில் போட மாட்டாள், பழக்கம், ஒரு காகிதத் துணுக்கு போதும் மொத்தத் துணியும் பாழ். கால்சட்டையில் கைக்குட்டை. சட்டையின் மார்புப் பையில், பொத்தான் போட்டு மூடியிருந்தது, திறந்தாள், நான்காக மடித்த தாள். பிரிக்காமலே தெரிந்துவிட்டது, பச்சை மை பின்பக்கம் ஊறித் தெரிந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சோப்புத்தூள் சிந்தின சிமென்ட்டில். மடிப்பு ஓரம் ஓரமாகச் சேர்ந்திருந்தது, அவ்வளவு நேர்த்தி, தரையில் கிடந்தபடி, இடுப்பெலும்பு உடைந்த மனிதர் மடித்தது. படித்திருக்கிறார். ரேடியோ விளக்கு வெளிச்சத்திலோ, விடிந்த பிறகோ, மற்றவர்களும் வாழ்கிறோம் என்பதைப் படித்திருக்கிறார், படித்துவிட்டு மடித்து மார்பில் வைத்துப் பொத்தானும் போட்டிருக்கிறார். ஏன்? யார் எழுதியது என்று தெரிந்து, என்றைக்காவது இவள் முகத்துக்கு நேரே நீட்டவா, அல்லது பதில் எழுத வேண்டும் என்றா, அல்லது தரையில் குப்பை கிடக்கக் கூடாது என்ற பழக்கமா... அல்லது அந்த மூன்று நாளில் அந்தக் கதவு வழியாக அவரிடம் வந்தது அது ஒன்றுதான் என்பதாலா? கடைசிக் கேள்வியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, சத்தமாகவே வந்தது, நிலவறையில் மற்றவர்களுக்குக் கேட்கும் என்று முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். இதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர்தான், ரெண்டு நாளோ மூன்று நாளோ.

நாற்பது வைத்தாள். கதவு மூடி, தண்ணீர் இறங்கி, நீலக் கட்டம் நனைந்து சுற்ற ஆரம்பித்தது, ஐம்பது நிமிடம் என்று காட்டியது, நான்குக்குள் முடிந்துவிடும், அவர் நேரத்துக்குள்ளேயே. தாளைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள், அது அவளுடைய கையெழுத்து, அவள்தான் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோய், இது நான் எழுதியது ஸ்டூரே, இருமலும் கேட்டேன், என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் அவர் போய்விட்டால் மீதிக் காலத்தை இந்த இரண்டு பூட்டுகளுக்கு நடுவில் எப்படிக் கழிப்பது? சொல்வதற்கு முன்னால் உள்ளே போக வேண்டும். வார்டு வாசலில் அந்த நர்ஸ் நிற்பாள், நீங்கள் யார் என்பாள். தங்கை என்று சொல்ல வாய் வராது. நேரம் தவறாதவள், தனியாக நடக்கப் பிடித்தவள், யாருக்கும் பாரமாக இருந்திராதவள் என்று சொன்னால், அதெல்லாம் சரி, அவருக்கு என்ன வேண்டும் நீங்கள், என்று கேட்பாள், கேட்பாள்தானே, அவள் கேட்பதும் நியாயம்தான். பக்கத்து வீட்டார் என்று சொல்லலாம், சீட்டில் அப்படித்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்... அதையும் ஒதுக்கினாள். பார்ப்ரோ சுற்றும் துணியைப் பார்த்தபடி, ஐந்து மணிக்குச் சொல்லவேண்டியதை இப்போதே பழகிக்கொள்ளலாம் என்று, தான் பச்சை மையால் அடித்த அப்ரெஹெத்தின் வரி போலவே மெதுவாகத் தொடங்கினாள், நான் ஸ்டூரேயின்... அதற்கு மேல் வரவில்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.