ஓரடிச் சிவப்புக் கோடு

கீழ் பிளாக்கில் தேக்கு வளரவில்லை. நட்டு ஆறு வருடமாகியும் என் தோள் உயரம்தான். மேல் பிளாக்கில் அதே வயது மரங்களை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கன்று கொடுத்தவள் நான், இந்தத் தோட்டத்தின் நர்சரிக்காரி. அதனால் பழி நேராக என் தலையில் விழுந்தது.

"கன்னு சொத்தை. நர்சரியை மூடிட்டு வெளியில வாங்கிக்கலாம்னு முதலாளிக்கு எழுதி வச்சிருக்கேன்," என்றார் மேனேஜர்.

"ரெண்டும் ஒரே பாத்தியில வளந்த கன்னு சார். விதை ஒன்னு போட சுரை ஒன்னா முளைக்கும்? மண்ணைப் பாருங்க."

"மண்ணை உங்க நாத்தனாரே பாத்து, நல்ல மண்ணுன்னு எழுதியிருக்காங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

என் நாத்தனார்தான் இங்கே மண் பரிசோதனை. பக்கத்து மேசையில் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. நர்சரி போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

"கூடம் கோணலா இல்லையான்னு தோண்டிப் பாத்துடலாம் சார்," என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு போனேன். குட்டை மரம் ஒன்றின் பக்கத்தில் குழி. முதல் ஒன்றரை அடி நல்ல செம்மண், மாவு மாதிரி உதிர்ந்தது. அதற்குக் கீழே கடப்பாரை சளக்கென்று மாட்டிக்கொண்டது. சாம்பல் நிறக் களி. அழுகல் வாடை அடித்தது, ஓரங்களில் நீர் கசிந்தது. மரத்தின் ஆணிவேர் அதுவரை நேராக வந்து, களியைத் தொட்ட இடத்தில் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

நாத்தனார் மண் எடுக்கும் திருகுக் கம்பியோடு வந்து நின்றார். முகம் வெளிறிவிட்டது. "நான் எடுத்த மண்ணுல இது இல்லவே இல்லம்மா. இதோ, இந்தக் கோடு வரைக்கும் ஒழுங்காத்தான் இறக்கினேன்."

கம்பியில் ஓரடி உயரத்தில் சிவப்புக் கோடு. நர்சரிப் பாத்திக்கு ஓரடி போதும் என்று அந்தக் கோட்டைப் போட்டவளே நான். கம்பி நாத்தனாருக்கு இரவல் போனபோது கோடும் கூடவே போயிருக்கிறது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். குழியை எட்டிப் பார்த்தார். "இது ஏன் ரிப்போர்ட்ல வரல?"

வாயை மூடிக்கொண்டால் நர்சரி பிழைக்கும், நாத்தனார் மாட்டுவார். இந்தக் குழியை நான் அதற்காகத் தோண்டவில்லை.

"கோடு நான் போட்டது சார். பாத்தி அளவுக்கு. அதைச் சொல்லாம கம்பியைக் குடுத்துட்டேன்."

"அதுக்கு மேல இறக்காம விட்டது நான்," என்றார் நாத்தனார்.

மேனேஜர் வளைந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கன்னு மேல குத்தமில்ல. இப்ப இங்க என்ன வைக்கிறது?"

"தேக்கு கால் நனைஞ்சா தாங்காது சார். இங்க நீர்மருது நிக்கும். அடுத்த மழைக்குள்ள கன்னு தரேன்."

"முதலாளிக்கு எழுதினதை இன்னும் அனுப்பல," என்று முனகிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நர்சரிக்கு நாத்தனார் வந்தார். உப்புக் காகிதத்தால் சிவப்புக் கோட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, பெயிண்ட் டப்பாவைக் கேட்டார்.

"இனி எத்தனை அடியில போடட்டும்?"

"எங்கயும் போடாதீங்க அண்ணி. கைப்பிடி மண்ணுல முட்டுற வரைக்கும் இறக்குங்க."