செண்பகா சரக்கு

ரெபேக்காள் குற்றாலத்துக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. தென்காசிக்காரர்களுக்கு அருவி என்பது வெளியூர் உறவினர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனது குளிப்பதற்காக அல்ல. நான்கு நாளுக்கு முன் பஜாரில் ஒரு பேனரைப் பார்த்திருந்தாள். 'நாணயச் சேகரிப்பாளர் சந்திப்பும் கண்காட்சியும்' என்று பெரிதாகப் போட்டு, அதன் கீழே பேச்சுகளின் தலைப்புகளைச் சின்ன எழுத்தில் அடித்திருந்தார்கள். மூன்றாவது தலைப்பைப் படித்தவள் காய்கறிப் பையோடு அங்கேயே நின்றுவிட்டாள். 'தபாலில் காசு விற்றவர்கள்: செண்பகா நாணய நிலையமும் மற்றவர்களும்.'

அந்தப் பெயரை யாரும் அவள் காதுபடச் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

செண்பகா நாணய நிலையம் என்றதும் தருமபுரியிலோ தஞ்சாவூரிலோ இருந்து பணம் அனுப்பியவர்கள் ஒரு பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்திருப்பார்கள். உண்மையில் அது ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. ஒரு இரும்பு பீரோ, ஒரு தட்டச்சு இயந்திரம், முதலாளி செல்லச்சாமி அண்ணாச்சி, இருபத்திரண்டு வயது ரெபேக்காள். அவ்வளவுதான். 'இன்று வாங்கும் பழங்காசு பத்தாண்டில் பத்து மடங்கு' என்று வாரப் பத்திரிகைகளில் விளம்பரம் வரும். அதைப் பார்த்து எழுதிக் கேட்பவர்களுக்கு மாதாமாதம் பட்டியல் போகும். பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்கிற வி.பி.பி.யில் காசு போகும். ஒவ்வொரு காசையும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, கூடவே அதைப் பற்றி எழுதிய ஒரு சீட்டையும் வைப்பார்கள். அந்தச் சீட்டை எழுதுவது ரெபேக்காளின் வேலை.

மதியம் அண்ணாச்சி சாப்பிடப் போன பிறகுதான் அவளுக்கு எழுத்து வரும். சாரல் காலமென்றால் மேற்குச் சன்னல் வழியாக ஈரக்காற்று வந்து காகிதங்களைத் தூக்கும். அவள் ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வாள். அதில் கைச்சூடு ஏறும் வரை ஒன்றும் நடக்காது. ஏறியதும் எங்கிருந்தோ ஒரு சந்தை வரும். வண்டிமாடு ஒன்று தலையை ஆட்டும். நெல் அளக்கிற ஒரு பெண்ணின் கை மட்டும் தெரியும், முகம் தெரியாது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே புரியாது. கண்ணைத் திறந்ததும் நிறுத்தாமல் தட்டச்சு செய்வாள்.

அண்ணாச்சிக்கு அந்த எழுத்தின் மதிப்புத் தெரியும். ஆனால் எல்லாக் காசுக்கும் அதைச் செலவழிக்க விடமாட்டார்.

"ஏட்டி, நல்ல சரக்குக்கு என்னத்துக்கு இம்புட்டு எழுதுத? அது தன்னால போயிரும். ஒரு வரி போதும். போவாத சரக்கு இருக்குல்லா, அதுக்கு எழுது."

ஒரு நாள் அவர் கொண்டுவந்த பொட்டலத்தில் மதுரை சுல்தான்களின் செப்புக்காசுகள் இருபது இருந்தன. ரெபேக்காள் ஒவ்வொன்றாக உறையில் போட்டுக்கொண்டே வந்தவள், ஏழாவதில் நிறுத்தினாள். விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. முந்தைய ஆறையும் திரும்ப எடுத்துப் பார்த்தாள். அதே இடத்தில் அதே வெட்டு. சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்த காலத்துக் காசு இரண்டு ஒன்றுபோல இருக்காது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அண்ணாச்சிதான். இது ஒரே அச்சில் உருக்கி ஊற்றியது.

"அண்ணாச்சி, இருவதுலயும் ஒரே எடத்துல வெட்டு இருக்கு."

அவர் காசுகளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னயும் ஒருத்தன் ஏமாத்திட்டான்ட்டி. நான் இத எங்க கொண்டு கொட்ட? நீ எழுது."

அவள் எழுதினாள். அவர் மிரட்டியதால் எழுதியதாகப் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது உண்மையில்லை. அன்றைக்கு அந்தப் பொய்க்காசு அவள் கையில் சூடேறியதும் வந்த காட்சியைப்போல வேறெந்தக் காசிலும் வந்ததில்லை. ஆசையோடு எழுதினாள். அந்த அறையில் இருந்த ஏழு வருடத்தில் அவள் எழுதியவற்றிலேயே அதுதான் நன்றாக வந்தது.

கொஞ்ச வருடத்தில் புகார்கள் வந்தன. நேரில் வந்து கேட்டவர்களுக்கு அண்ணாச்சி முடிந்ததைத் திருப்பிக் கொடுத்தார், கடிதம் போட்டவர்களுக்குப் பதிலே போடவில்லை. அறையைப் பூட்டினார். பிறகு இறந்தும் போனார். ரெபேக்காள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டாள்.

சந்திப்பு நடந்தது குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். வெளியே சாரல் தூவிக்கொண்டிருந்தது. மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. உள்ளே வரிசையாக மேசைகள், ஆல்பங்கள், கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்திருந்த ஆட்கள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பேசியவர் ஆசிப் என்ற வங்கி ஊழியர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஏற்பாடு எல்லாம் அவருடையதுதான். "நம்ம ஆளுங்க கிட்ட 'செண்பகா ஃபைன்'னு ஒரு சொல் உண்டு. பட்டியல்ல 'ஃபைன்', நல்ல நிலைன்னு போட்டிருக்கும், வந்து சேர்றது தேஞ்சு தகடாப் போன காசு" என்றதும் மண்டபமே சிரித்தது. "செண்பகா சரக்குன்னா அதுக்கும் மேல. கள்ளக்காசு."

"அப்படிச் சொல்லாதீங்க" என்று ஒரு பெரியவர் எழுந்தார். "நான் நேர்ல போய்க் கேட்டேன். மறுபேச்சு பேசாம வாங்கிக்கிட்டு ரூவாயத் திருப்பித் தந்தாரு."

"உங்களுக்குத் தந்தாரு. எங்கப்பா எழுதின ஒம்பது லெட்டருக்கு பதிலே இல்ல" என்றார் இன்னொருவர்.

இருவரும் சொன்னது உண்மை என்பது ரெபேக்காளுக்குத் தெரியும். அந்த ஒன்பது கடிதத்தையும் பிரித்துப் படித்தவள் அவள்தான்.

ஆசிப் கையமர்த்தினார். "ஒண்ணு மட்டும் எல்லாரும் ஒத்துக்குவீங்க. அந்தச் சீட்டுங்க. அத எழுதினது பாளையங்கோட்டையில ஒரு தமிழ்ப் பேராசிரியருன்னு சொல்லுதாங்க."

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, கையில் மடித்த குடை. கடையநல்லூர் பரீது என்று ஆசிப் அறிமுகப்படுத்தினார். பரீது எதையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"இக்காசு ஒருநாள் மழையில் நனைந்திருக்கிறது. வைகையைக் கடக்க வந்த குதிரைக்காரன் ஒருவன் இதை ஓடக்காரன் கையில் வைத்தான். ஓடக்காரன் காசைத் திருப்பிப் பார்க்கவில்லை. அக்கரையில் அவன் மகள் தலையில் ஓலையைப் பிடித்தபடி அவனுக்காக நின்றிருந்தாள்."

தான் எழுதியதை இன்னொருவர் குரலில் ரெபேக்காள் கேட்பது அதுதான் முதல் தடவை. அந்த மதியம், ஈரக்காகித வாசனை, தண்ணீரில் மெல்ல நகரும் ஓடம் எல்லாம் ஒன்றாக வந்து அவளைச் சூழ்ந்தன. எழுந்து நின்றது அவளுக்கே தெரியவில்லை.

"அத எழுதினது நாந்தான்" என்றாள். "பேராசிரியர் யாரும் இல்ல. நான் அங்கன டைப்பிஸ்ட்டா இருந்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள். பரீதுவின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கு அவளுக்கு மாலை போட்டுக்கூட அனுப்பியிருப்பார்கள்.

"காசு கள்ளக்காசுன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். மொத்தம் இருவது இருந்துச்சு. எல்லாம் ஒரே வார்ப்பு."

பரீது அப்படியே நின்றார். "தெரிஞ்சேயா?" என்றார் மெதுவாக. அவள் தலையாட்டினாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஆன்ட்டி, ஒக்காருங்க, தண்ணி குடிங்க" என்று ஆசிப் ஓடிவந்தார். அவள் உட்காரவில்லை. பரீதுவின் பின்னாலேயே போனாள்.

பேரருவிக்குப் போகிற வழியில், பழக்கடைகள் தாண்டி, அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குடையை விரிக்கவில்லை. அருவியின் இரைச்சலில் கூட்டத்தின் கூச்சல் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. பாறையில் விழுந்து சிதறிய நீர் புகையாக மேலெழுந்து இருவர் மேலும் படிந்தது.

"பாய்" என்றாள்.

அவர் திரும்பாமலே பேசினார். "அண்ணாச்சி ஏமாத்தினதுல எனக்கு வருத்தமே கெடையாதுக்கா. அவரு யாவாரி. கடையநல்லூர்ல தறி ஓட்டின காசுல வாங்கினேன். அடுத்த வருசம் சவூதியில தம்மாமுக்கு வேலைக்குப் போயிட்டேன். காசையும் சீட்டையும் கூடவே கொண்டு போனேன். கேம்ப்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. வெளிய அனலு. நான் அந்தச் சீட்ட எடுத்துப் படிப்பேன். மழை பெய்யும்."

அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"காசு பொய்யின்னு பெறவு தெரிஞ்சுது. சரி, இத எழுதின மனுசனும் என்னய மாரித்தான் ஏமாந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். முகந்தெரியாத ஆளு, ஆனா எனக்கு ஒரு தொணை. இப்ப நீங்க வந்து, ஏமாந்தது நான் மட்டுந்தான்னு சொல்லுதிய."

"மன்னிச்சிருங்கன்னு கேக்கத்தான் பின்னாலயே வந்தேன் பாய். இத்தன வருசங் கழிச்சு அதக் கேக்க வாய் வரமாட்டேங்கு."

எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் கடந்து போனார்கள். காற்று திசை மாறியபோது அருவியே ஒருகணம் மறைந்து, வெறும் வெண்மை மட்டும் இருந்தது.

"அந்த ஓடக்காரன் மக" என்றார் பரீது. "அவளப் பாத்தியளா நீங்க? இல்ல, அதுவும் சும்மாதானா?"

"பாத்தேன்" என்றாள் ரெபேக்காள். "காசுதான் பொய். அவள நான் பாத்தேன். இடுப்புல ஒரு கொடம் இருந்துச்சு. சீட்டுல எடம் பத்தல, அத விட்டுட்டேன்."

அவர் முதல் தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "அவளுக்குப் பேரு?"

"வைக்கலியே."

"நான் வச்சேன். மெஹர் பானு. பெறவு எம் பொண்ணு பொறந்தப்போ அதே பேரத்தான் வச்சோம். எதுக்கு இந்தப் பேருன்னு வீட்ல கேட்டாங்க. சொல்லல."

ரெபேக்காள் முகத்தில் இருந்த அருவி நீரோடு கண்ணீரையும் துடைத்துக்கொண்டாள்.

ஏதோ நினைவு வந்தவராக அவர் சொன்னார். "அண்ணாச்சிட்ட இன்னொரு காசும் வாங்கினேங்கா. குட்டி வெள்ளிச் சக்கரம், திருவாங்கூர் காசு. லீவுல வந்தப்போ மதுரையில ஒரு கண்காட்சிக்கு சுல்தான் காசக் கொண்டு போனேன். கையில வாங்கினவுடனே 'செண்பகா சரக்கா?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அவமானமாப் போச்சு. மறுநாள் குடும்பத்தோட இங்கன குளிக்க வந்தோம். அந்தச் சக்கரத்த இந்தத் தண்ணியிலதான் வீசினேன். அதே கடைச் சரக்குதான, வச்சு என்ன செய்யன்னு. சுல்தான் காச மட்டும் வீச மனசு வரல, அந்த எழுத்துக்காக. சக்கரத்துக்கு நீங்க ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்திய."

"ஒரு வரியா?"

"'வெள்ளிச் சக்கரம், நல்ல நிலை.' அம்புட்டுதான்."

ரெபேக்காள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கள்ளக்காசு என்று வாங்குகிறவர்களிடம் அப்படி ஒருமுறை சொல்லாமல் விட்டதுதான் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

"பாய், நல்ல காசுக்கு அண்ணாச்சி ஒரு வரிக்கு மேல எழுத விடமாட்டாரு. அது நெசக் காசு."

பரீது அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அருவியைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் அவள் பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கம்பியில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து, "பொய்யப் பத்திரமா வச்சுக்கிட்டு நெசத்தத் தூக்கி எறிஞ்சிருக்கேன், பாருங்க" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பெண்கள் இந்த நனைந்த கிழடுகளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் விலகிப் போனார்கள்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் ஆசிப் வீடு தேடி வந்தார். சேகரிப்பாளர்களைத் தங்களிடம் இருக்கும் செண்பகா காசுகளையும் சீட்டுகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். அவள் பார்த்து எது நல்லது, எது கள்ளம் என்று சொல்ல வேண்டும். அவள் ஒத்துக்கொண்டாள். பெரும்பாலான காசுகள் நல்லவையாகவே இருந்தன. அந்தச் சுல்தான் காசோடு சேர்த்துப் பன்னிரண்டு வகை மட்டும் கள்ளம். அவற்றுக்கெல்லாம் சீட்டு நீளமானது. ஆனால் தேய்ந்து விலை போகாத நல்ல காசுக்கும் அவள் நீளமாகத்தான் எழுதியிருந்தாள். 'ஒரு வரின்னா நெசம்' என்று சேகரிப்பாளர்களிடையே ஒரு பேச்சு பரவியது. அண்ணாச்சியின் பெயர் கொஞ்சம் மேலே ஏறியது, ரெபேக்காளின் பெயர் கொஞ்சம் கீழே இறங்கியது. ஒன்பது கடிதம் போட்டவரின் மகன் அவளோடு பேச மறுத்துவிட்டார். அது அவர் உரிமை என்று அவள் விட்டுவிட்டாள். பரீது மட்டும் அவ்வப்போது போனில் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்தது மண்குடமா செப்புக்குடமா என்கிற மாதிரி எதையாவது கேட்பார். அவள் யோசித்துப் பதில் சொல்வாள்.

ஒரு மதியம் ஆசிப்பிடமிருந்து இன்னொரு படம் வந்தது. நாயக்கர் காலத்துச் செப்புக்காசு. சீட்டில் ஒரு மலைப்பாதையும் அதில் விளக்கெண்ணெய் விற்கப் போகும் ஒருத்தியும். தட்டச்சு அவளுடையதுதான். ரெபேக்காள் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். பாதை தெரிந்தது. பாதையோரம் நனைந்த கல் தெரிந்தது. எண்ணெய்ச் சட்டியைச் சுமந்தவள் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியதும் தெரிந்தது. அந்தக் காசு கையில் எப்படி இருந்தது, நல்லதா கள்ளமா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்து பார்த்துவிட்டு, படத்துக்குக் கீழே எழுதி அனுப்பினாள்: 'தெரியவில்லை.'